ஒரு சீல் அதிகாரியின் மார்பில் உள்ள ரிப்பன்களை வாசிப்பது எப்படி?

அமெரிக்கக் கடற்படையின் சீல் சிறப்புப் படையில் பல ஆண்டுகள் இருந்த அதிகாரியின் சீருடைப் படத்தைப் பார்த்தால், இடது மார்பில் வண்ண வண்ணமாக ரிப்பன்கள் வரிசை கட்டி நிற்கும். படத்தின் கீழே பெரும்பாலும் "இத்தனை பதக்கங்கள் வாங்கியவர்" என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அந்த ரிப்பன்களில் சில, உயிரைப் பணயம் வைத்த ஒரே ஓர் இரவுக்காகக் கிடைத்தவை. சில, மூன்றாண்டு அலுவலகப் பொறுப்பை நன்றாக முடித்ததற்காகக் கிடைத்தவை. இன்னும் சில, குறிப்பிட்ட நாட்டில் குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்த எல்லோருக்கும் கிடைத்தவை. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்தால் போதும், அந்த மார்பில் ஒருவரின் போர்க்கால வாழ்க்கை ஓரளவு தெரிய ஆரம்பிக்கும்.

ரிப்பன்களுக்கு மேலே இருக்கும் பெரிய தங்க நிறச் சின்னத்தில் தொடங்குவோம். கழுகு, நங்கூரம், திரிசூலம், பழங்காலக் கைத்துப்பாக்கி நான்கும் சேர்ந்த இதைப் படையினர் சுருக்கமாக 'டிரைடென்ட்' என்பார்கள். 1970இல் வந்தது. இது பதக்கம் அல்ல, தகுதிச் சின்னம். 24 வாரம் நடக்கும் 'பட்ஸ்' அடிப்படைப் பயிற்சியை முடித்து, அதற்குப் பின் சுமார் 26 வாரத் தகுதிப் பயிற்சியையும் முடித்தவர்தான் இதைக் குத்திக்கொள்ள முடியும். கலிஃபோர்னியாவின் கொரனாடோ கடற்கரையில் ஐந்தரை நாள், மொத்தமே நான்கு மணி நேரத் தூக்கத்தோடு நடக்கும் 'ஹெல் வீக்' பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது பட்ஸின் முதல் கட்டத்தில் வருவது. அதைத் தாண்டியவர்களிலும் டிரைடென்ட் கிடைக்காதவர்கள் உண்டு. அதிகாரிகளும் சிப்பாய்களும் ஒரே பயிற்சியில்தான் வாட்டப்படுகிறார்கள், இன்று இரு தரப்புக்கும் ஒரே தங்க நிறச் சின்னம்தான். ஆகவே டிரைடென்டைப் பார்த்து ஒருவர் சண்டை பார்த்தவரா என்று சொல்ல முடியாது. சண்டைக்குத் தகுதி பெற்றவர் என்று மட்டுமே சொல்லலாம்.

அடுத்து தெரிந்துகொள்ள வேண்டியது பதவி, ஏனென்றால் எந்த வயதில் எந்தப் பதக்கம் வரும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ஒரு சீல் பிளட்டூனில் வழக்கமாகப் பதினாறு பேர். அதில் இருவர் மட்டுமே அதிகாரிகள். புதிதாக வரும் என்சைன் அல்லது ஜூனியர் லெப்டினன்ட் துணைத் தலைவராக இருப்பார். லெப்டினன்ட் ஆனதும் பிளட்டூனுக்குத் தலைவர். பெரும்பாலான பிளட்டூன்களில் அதிகாரியைவிட அனுபவம் அதிகம் உள்ளவர் சீஃப் எனப்படும் மூத்த சிப்பாய், அவர் பேச்சைக் கேட்காத இளம் அதிகாரி நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. லெப்டினன்ட் கமாண்டர் ஆனபின் அவர் பல பிளட்டூன்களை ஒருங்கிணைப்பவர், அவருடைய இரவுகள் மெல்ல மெல்ல ரேடியோவும் திரைகளும் இருக்கும் அறைக்கு மாறும். கமாண்டர் ஆனால் ஒரு சீல் டீம் முழுவதற்கும் பொறுப்பு. கேப்டன் ஆனால் பல டீம்கள் அடங்கிய குரூப்.

அதாவது, ஓர் அதிகாரி துப்பாக்கியோடு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகும் காலம் அவருடைய பணிக்காலத்தின் முற்பகுதிதான். வீரத்துக்கான பெரிய பதக்கங்கள் பெரும்பாலும் அந்தச் சில ஆண்டுகளில்தான் வரும். இந்தக் கட்டுரையில் வரும் மூன்று அதிகாரிகளில் பாப் கெர்ரி ஜூனியர் லெப்டினன்ட், தாமஸ் நோரிஸும் மைக்கேல் மர்ஃபியும் லெப்டினன்ட்டுகள். மூவரும் பெற்றது அமெரிக்காவின் உச்சப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர். பிற்காலத்தில் கேப்டனாக ஓய்வுபெறும் ஒருவரின் மார்பில் 'லீஜன் ஆஃப் மெரிட்' இரண்டு மூன்று இருந்தால், அவை பெரும்பாலும் தலைமைப் பொறுப்புகளை முடித்ததற்கானவை. மரியாதைக்குரியவைதான், ஆனால் சண்டையின் கதை அங்கே இல்லை.

இப்போது ரிப்பன் வரிசைக்கு வருவோம். ஒவ்வொரு ரிப்பனும் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, சரியாகச் சொன்னால் 1 3/8 அங்குல அகலம், 3/8 அங்குல உயரம். வரிசைக்கு மூன்று வீதம். மேல் வரிசையில், மார்பின் நடுப்பக்கமாக இருப்பதே மிக உயர்ந்தது. அங்கிருந்து வெளிப்பக்கமாக, பிறகு கீழ்வரிசையாக இறங்கும். முதலிடம் மெடல் ஆஃப் ஹானருக்கு: வெளிர்நீலத்தில் ஐந்து வெள்ளை நட்சத்திரங்கள். அடுத்து நேவி கிராஸ்: கருநீலத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. சற்றுக் கீழே சில்வர் ஸ்டார், அதற்கும் கீழே பிராண்ஸ் ஸ்டார், அதை அடுத்து பர்ப்பிள் ஹார்ட்.

புதியவர் இடறும் இடம் இங்கேதான். அடுக்கில் மேலே இருப்பதெல்லாம் வீரப் பதக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். நேவி கிராஸுக்கும் சில்வர் ஸ்டாருக்கும் இடையே 'டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்' பதக்கங்கள் வரும். அவை பெரும்பாலும் அட்மிரல்களுக்கும் தளபதிகளுக்கும் பெரும் பொறுப்பைச் சுமந்ததற்காகத் தரப்படுபவை, ஒரு தோட்டாவும் அந்தப் பக்கம் பறந்திருக்க வேண்டியதில்லை. எதிர்த் திசையிலும் இதே குழப்பம் உண்டு. 'நேவி அண்ட் மரைன் கோர் மெடல்' எதிரியோடு நேரடி மோதல் அல்லாத சூழலில் உயிரைப் பணயம் வைத்ததற்கானது. இரண்டாம் உலகப் போரில் பிடி-109 என்ற ரோந்துப் படகு உடைந்தபோது தன் ஆட்களைக் காப்பாற்றியதற்காக, பின்னாளில் அதிபரான ஜான் கென்னடி பெற்றது இதைத்தான். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், பெறுவது எளிதல்ல.

பர்ப்பிள் ஹார்ட் வீரத்துக்கான பதக்கமே அல்ல. எதிரியின் செயலால் காயம்பட்டு, அதற்கு மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பாராசூட் பயிற்சியில் முதுகெலும்பு முறிந்தாலும் இது கிடைக்காது. ஒரே வெடிப்பில் நான்கு இடத்தில் துண்டு பாய்ந்தாலும் ஒன்றுதான்.

பிராண்ஸ் ஸ்டார்தான் அதிகம் தவறாக வாசிக்கப்படுவது. 1944இல் உருவான இந்தப் பதக்கத்தை இரண்டு காரணங்களுக்குத் தரலாம்: போரில் காட்டிய வீரம், அல்லது போர்ச் சூழலில் செய்த சிறந்த பணி. ஒரே ரிப்பன், ஒரே நிறம். வித்தியாசம் அதன் மேல் குத்தியிருக்கும் சின்னஞ்சிறு 'வி' எழுத்தில்தான் இருக்கிறது. இன்றைய விதிப்படி அந்த எழுத்து இருந்தால் வீரத்துக்கு. இல்லையென்றால் ஆறு மாதப் பணியைச் சிறப்பாக முடித்ததற்காகவும் இருக்கலாம். ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்தில் இரண்டாம் வகை ஏராளமாக வழங்கப்பட்டது. அந்தத் தாராளம் குறித்துப் படைக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்ததில் வியப்பில்லை. 2016இல் பாதுகாப்புத் துறை விதிகளை இறுக்கியது. 'வி' வீரத்துக்கு மட்டும் என்றானது. போர்ச் சூழலில் நேரடி ஆபத்தில் செய்த பணிக்கு 'சி', தொலைவிலிருந்து ட்ரோன் போன்றவற்றால் சண்டையில் நேரடி விளைவை ஏற்படுத்தியதற்கு 'ஆர்' என்று இரண்டு புது எழுத்துகள் வந்தன. ஆகவே பழைய படத்தில் உள்ள 'வி'யையும் புதிய படத்தில் உள்ள 'வி'யையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

நட்சத்திரங்களுக்குத் தனிக் கணக்கு. கடற்படையில் ஒருவர் அதே பதக்கத்தை இரண்டாம் முறை பெற்றால் இன்னொரு ரிப்பன் தருவதில்லை. முதல் ரிப்பன் மேலேயே 5/16 அங்குலத் தங்க நட்சத்திரம் ஒன்றைக் குத்துவார்கள். ஆக, சில்வர் ஸ்டார் ரிப்பனில் ஒரு தங்க நட்சத்திரம் என்றால் மொத்தம் இரண்டு பதக்கங்கள். ஐந்து தங்க நட்சத்திரங்களுக்குப் பதில் அதே அளவில் ஒரு வெள்ளி நட்சத்திரம், அப்போது மொத்தம் ஆறு. போர்முனைப் பதக்கங்களில் இருப்பவை வேறு: 3/16 அங்குல வெண்கல நட்சத்திரங்கள். ஈராக் பதக்கத்தில் ஒரு வெண்கல நட்சத்திரம் என்றால், அந்தப் போரின் ஒரு கட்டத்தில் அவர் அங்கே இருந்தார் என்று பொருள். இங்கே ஒன்றைக் கூட்டக் கூடாது. மங்கலான படத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, போர்முனையில் பணியில் இருந்ததற்கான அடையாளத்தை வீரப் பதக்கமாக எழுதிவிடுகிறார்கள்.

அப்படியானால் ஒருவர் உண்மையிலேயே துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இருந்தாரா என்பதற்கு எளிய அடையாளம் எது? 'காம்பாட் ஆக்‌ஷன் ரிப்பன்.' 1969இல் ஏற்படுத்தப்பட்டது. எதிரியின் தாக்குதலுக்கு உள்ளாகி, சண்டையில் நேரடியாகப் பங்கெடுத்து, திருப்தியாக நடந்துகொண்ட கேப்டன் நிலை வரையிலான எவருக்கும் கிடைக்கும். இதற்குத் தொங்கும் பதக்கம் கிடையாது, ரிப்பன் மட்டும்தான். ஒரு போர்நடவடிக்கைக்கு ஒன்றுதான் என்பதால், ஒரே நாட்டில் எத்தனை மோதல்களைக் கண்டிருந்தாலும் எண்ணிக்கை ஏறாது. இன்னொரு நுட்பம்: முழுப் பதக்கங்களைத் தொங்கவிடும் விழாச் சீருடையில், பதக்கம் இல்லாத ரிப்பன்கள் வலது மார்புக்குப் போய்விடும். இடது பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இவருக்குச் சண்டை ரிப்பன் இல்லை' என்று முடிவுகட்டிய விவாதங்கள் உண்டு. 'பிரசிடென்ஷியல் யூனிட் சைட்டேஷன்' போன்ற படைப்பிரிவு விருதுகளும் இப்படித்தான் இடம் மாறும். அவை தனிமனிதருக்கு அல்ல, அந்த நேரத்தில் அந்தப் பிரிவில் இருந்த எல்லோருக்கும்.

ரிப்பன் ஒரு நூலின் முதுகு மாதிரி, தலைப்பை மட்டும் காட்டும். உள்ளே இருப்பது பாராட்டுரை. விருதோடு சேர்த்து வாசிக்கப்படும் இந்த ஒரு பத்தி, பெரும்பாலான வாசகருக்குக் கிடைக்கும் ஒரே அதிகாரபூர்வ விவரம். அதை வாசிக்கவும் ஒரு முறை இருக்கிறது.

நோரிஸின் பாராட்டுரையை எடுத்துக்கொள்வோம். 1972 ஏப்ரல் 10 முதல் 13 வரை, தென்வியட்நாமின் குவாங் திரி மாகாணம். எதிரிப் பகுதியின் நடுவே சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளைத் தரைவழியாக மீட்க வேண்டும். முதல் இரவு நோரிஸ் ஐந்து பேர் கொண்ட ரோந்தை எதிரியின் பிடியில் இருந்த நிலத்தில் 2,000 மீட்டர் நடத்திச் சென்று, விடியற்காலையில் ஒரு விமானியைக் கண்டு அழைத்து வருகிறார். 11ஆம் தேதி அவர்களுடைய முன்னணித் தளத்தின் மீது மார்ட்டரும் ராக்கெட்டும் விழுகின்றன. அதற்குப் பின் மூன்று பேர் அணியாக இரண்டு முறை போகிறார், இரண்டும் தோல்வி. 12ஆம் தேதி இரவு மீனவர் வேடத்தில், சம்பான் படகில், கூட ஒரே ஒருவரோடு போய், விடியும்போது காயம்பட்ட இரண்டாம் விமானியைக் கண்டுபிடிக்கிறார். படகில் கிடத்தி மூங்கிலாலும் தழையாலும் மூடி, எதிரி ரோந்தின் கண்ணில் படாமல் திரும்புகிறார்கள். தளத்தை நெருங்கும்போது இயந்திரத் துப்பாக்கிச் சூடு. நோரிஸ் வான்தாக்குதலை அழைக்கிறார், அந்தப் புகையின் மறைவில் கரை சேர்கிறார்கள்.

இதில் ஓர் அதிகாரியின் வேலை எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். இரண்டு முறை தோற்ற பின் ஆட்களைக் கூட்டாமல் குறைத்தது, படையாகப் போகாமல் வேடத்தில் போனது, கடைசிக் கட்டத்தில் வானத்திலிருந்து உதவி கேட்டது. சுட்டது எத்தனை பேரை என்ற கணக்கு அந்தப் பத்தியின் மையம் அல்ல. அதிகாரிகளின் பாராட்டுரையில் தேட வேண்டியது இத்தகைய தீர்மானங்களைத்தான்.

இனி அது சொல்லாமல் விட்டது. படகில் கூட இருந்தவரைப் பாராட்டுரை 'ஒரு வியட்நாமியர்' என்பதோடு கடந்துவிடுகிறது. அவர் தென்வியட்நாமின் கடல் கமாண்டோ நுயென் வான் கியெட். தன் பங்குக்கு அவருக்கு நேவி கிராஸ் கிடைத்தது. வியட்நாம் போரில் அந்தப் பதக்கத்தைப் பெற்ற ஒரே தென்வியட்நாம் கடற்படை வீரர் அவர்தான். ஒருவரின் பாராட்டுரை அவரைப் பற்றி மட்டுமே எழுதப்படுவது, உடன் இருந்தவர்கள் அதில் மங்கிவிடுவார்கள். ஆகவே ஒரு சம்பவத்தைப் புரிந்துகொள்ள அதே நாளுக்கு வேறு யார் யார் என்ன பெற்றார்கள் என்று சேர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 2005 ஜூன் 28இல் ஆப்கானிஸ்தானின் குனார் மலையில் மர்ஃபி, உதவி கேட்கச் சிக்னல் கிடைக்கும் திறந்தவெளிக்கு நகர்ந்து, சுடப்பட்ட நிலையிலும் பேசி முடித்தார். அது அவருடைய பாராட்டுரை. அவரோடு இருந்த மற்ற மூவரின் நேவி கிராஸ் பாராட்டுரைகளையும் பக்கத்தில் வைத்தால்தான் நான்கு பேர் நின்ற அந்தச் சரிவு முழுதாகத் தெரியும்.

தேதிகளிலும் கவனம் தேவை. செயல் நடந்த நாள் வேறு, பதக்கம் தரப்பட்ட நாள் வேறு. 1972 அக்டோபர் 31இல் இன்னொரு ரோந்தில் நோரிஸ் தலையில் படுகாயமடைந்தார், இறந்துவிட்டார் என்றே கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். மைக்கேல் தார்ன்டன் என்ற சிப்பாய் திரும்ப ஓடிப்போய் அவரைத் தூக்கிவந்து, உயிர்காப்பு உடையில் காற்றை நிரப்பி, சுமார் இரண்டு மணி நேரம் கடலில் இழுத்து நீந்திக் காப்பாற்றினார். தார்ன்டனுக்கு மெடல் ஆஃப் ஹானர் 1973 அக்டோபரில். அதற்கு முன்பே நடந்த செயலுக்காக நோரிஸ் அதைப் பெற்றது 1976 மார்ச்சில். விருது நாளை வைத்து வரிசைப்படுத்தினால் கதை தலைகீழாகிவிடும்.

பாராட்டுரை முழு உண்மையா? கெர்ரியின் மார்பில் இருந்த இரண்டு ரிப்பன்கள் இதற்குப் பதில் சொல்லும். 1969 மார்ச் 14இல் நா திராங் விரிகுடாத் தீவு ஒன்றில், எதிரியின் அரசியல் பொறுப்பாளர்களைப் பிடிக்க, அவர்கள் தங்கியிருந்த பாறை விளிம்புக்கு மேலே போய்ச் சேர 350 அடி செங்குத்துப் பாறையில் தன் அணியை ஏற்றினார். இறங்கும்போது காலடியில் கையெறிகுண்டு வெடித்தது. ஏறக்குறைய நினைவிழந்த நிலையிலும் ரேடியோவில் இரண்டாம் குழுவின் சூட்டை வழிநடத்தி, ஆட்களை வெளியேற்றும் இடத்தைக் காக்கச் செய்தார். வலது காலின் கீழ்ப்பகுதி போயிற்று. அதற்கு மெடல் ஆஃப் ஹானர்.

அதற்கு மூன்று வாரம்கூட இல்லாத முந்தைய இரவில், பிப்ரவரி 25, தான் ஃபோங் கிராமத்தில் அதே அணி நடத்திய தாக்குதலுக்கு அவருக்கு பிராண்ஸ் ஸ்டார். அந்தப் பாராட்டுரை 21 வியட்காங் (கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்) கொல்லப்பட்டதாகச் சொன்னது. 2001இல், கெர்ரி ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்து முடித்த பின், அன்று இறந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட பொதுமக்கள் என்பதை அவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். முதலில் தங்கள் மீது சூடு நடந்தது என்பது அவர் தரப்பு. அணியில் இருந்த ஒருவரும் கிராமத்தவரும் சொன்னது வேறு. களத்திலிருந்து வந்த அறிக்கை எப்படியோ, அப்படியேதான் பாராட்டுரை. இருட்டில் நடந்ததை எழுதியவர்கள் அங்கே சுட்டவர்களே என்றால், அந்தத் தாளைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

இது எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்தால் ஏன் இப்படி என்பது விளங்கும். முதலில் யாராவது பரிந்துரைக்க வேண்டும், பெரும்பாலும் மேலதிகாரி. பரிந்துரையில் மூன்று பகுதிகள்: நடந்ததை விரிவாகச் சொல்லும் செயல் சுருக்கம், அதிலிருந்து பிழிந்தெடுத்த பாராட்டுரை வரைவு, கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலம். உயர்ந்த பதக்கம் என்றால் இரண்டு சாட்சிகளாவது வேண்டும். பிறகு அது ஒவ்வொரு தளபதியின் மேசையாக ஏறும், ஒவ்வொருவரும் ஏற்கலாம், ஒரு படி குறைக்கலாம். நேவி கிராஸுக்கு எழுதியது சில்வர் ஸ்டாராக இறங்குவது புதிதல்ல. மெடல் ஆஃப் ஹானருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் பரிந்துரை, ஐந்து ஆண்டுகளுக்குள் விருது என்பது சட்டம். தாண்டினால் நாடாளுமன்றம் விலக்கு தர வேண்டும். சாட்சி சொல்ல யாரும் உயிரோடு இல்லாத சம்பவங்களும், நன்றாக எழுதத் தெரியாத தளபதியின் கீழ் நடந்த சம்பவங்களும் இந்த ஏணியில் எங்கோ நின்றுவிடும். 2016இல் தொடங்கிய மறுபரிசீலனையில் பழைய நேவி கிராஸ்களும் சில்வர் ஸ்டார்களும் திரும்ப வாசிக்கப்பட்டன. சீல் மூத்த சிப்பாய் பிரிட் ஸ்லபின்ஸ்கியின் நேவி கிராஸ் 2018இல் மெடல் ஆஃப் ஹானராக உயர்ந்தது அப்படித்தான், செயல் நடந்து பதினாறு ஆண்டுகள் கழித்து.

சிறப்புப் படை என்பதால் ரகசியமும் சேரும். சில பாராட்டுரைகளில் இடமும் அணியின் பெயரும் இருக்காது, சில வெளியிடப்படுவதே இல்லை. 'என் பதக்கம் ரகசியம், அதனால் பதிவில் இல்லை' என்ற பேச்சுக்கு இங்கிருந்துதான் கால் முளைக்கிறது. அதை நம்ப வேண்டியதில்லை. செயலின் விவரம் ரகசியமாக இருக்கலாம், ஒருவர் சீல் அதிகாரியாக இருந்தார் என்பதோ எந்தப் பதக்கம் பெற்றார் என்பதோ அவருடைய பணிப் பதிவில் வழக்கமாக இருக்கும்.

சரிபார்க்க விரும்புபவர் பார்க்க வேண்டிய தாள் டிடி-214, படையிலிருந்து விலகும்போது தரப்படும் படிவம். 11ஆம் கட்டத்தில் தொழிற்குறியீடு: தகுதி பெற்ற சீல் அதிகாரிக்கு 1130, பயிற்சியில் மட்டும் இருந்தவருக்கு 1180. இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் பெரும்பாலான பொய்கள் குடியிருக்கின்றன. 13ஆம் கட்டத்தில் பதக்கங்கள், 14இல் பயிற்சிகள். 14இல் பட்ஸ் மட்டும் இருந்து, அதற்குப் பிந்தைய தகுதிப் பயிற்சி இல்லையென்றால் கேள்வி கேட்கலாம். ஆனால் பழைய தலைமுறைக்கு அந்தப் பயிற்சியின் பெயரும் வடிவமும் வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். படிவமே போலியாக இருக்கலாம் என்று தோன்றினால், செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்குத் தகவல் அறியும் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். பெயர், பதவி, பணிக்காலம், பதக்கங்கள் போன்றவற்றைத் தருவார்கள். பணி முடிந்து 62 ஆண்டுகள் ஆன பதிவுகள் முழுமையாகவே பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும்.

பொய்ப் பதக்கம் சொல்வது குற்றமா என்றால், வெறும் பேச்சாக இருக்கும்வரை இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சையே குற்றமாக்கியது, 2012இல் உச்ச நீதிமன்றம் அதைக் கருத்துரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்தது. 2013இல் வந்த புதிய சட்டப்படி, அந்தப் பொய்யை வைத்துப் பணமோ வேறு ஆதாயமோ பெற முயன்றால்தான் வழக்கு.